முதலில் ஊராருக்கு: சிற்றூர்ப் பசுமையும் முதுமையும் நலச் சுற்றுலாவும்

சிற்றூர்களின் பசுமை வெளி, நலமான முதுமை, நலம் தேடி வருவோரின் சுற்றுலா ஆகிய மூன்றும் நம்மிடையே தனித்தனியாகப் பேசப்பட்டு வருகின்றன. வனத்துறை ஒன்றைப் பேசுகிறது, சுகாதாரத்துறை மற்றொன்றை, சுற்றுலாத்துறை மூன்றாவதை. ஆனால் இவை மூன்றும் வந்து சேருமிடம் ஒன்றுதான்: இளைஞர்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போய்விட, பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் மீந்திருக்கும் சிற்றூர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். இந்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு அந்தப் பங்கை 2021இல் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காடு என்றும் மதிப்பிடுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு மிகுந்த பெரிய மாநிலம் நம்முடையது. முதியோர் பங்கு ஏறிவரும் இதே ஆண்டுகளில்தான் மலையடிவாரங்களிலும் ஆற்றோரங்களிலும் எண்ணெய்க் குளியல், யோகம், மூலிகை உணவு என்று விளம்பரம் செய்யும் தங்கும் விடுதிகளும் பெருகியிருக்கின்றன. ஊருக்குள் முதியோர் பெருகுகிறார்கள். ஊருக்கு வெளியே நலம் விற்பனைக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன உறவு இருக்கவேண்டும் என்பதே என் கேள்வி.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் முதியோர் அன்றாடம் நடந்து போய் உட்கார்ந்து பேசி வருவதற்காக உருவாக்கப்பட்ட பசுமை வெளி, விருந்தினரையும் தாங்கும். விருந்தினருக்காக உருவாக்கப்பட்ட பசுமை வெளி ஊர் முதியோரைத் தாங்காது. ஆகவே வரிசை முக்கியம். எது முதலில், எது பிறகு என்பதில் தவறினால், சுற்றுலா வருமானம் வந்த பிறகும் ஊர்க்காரர்களின் முதுமை இருந்த இடத்திலேயே இருக்கும். சில ஊர்களில் முன்னைவிட மோசமாகவும் ஆகும். இதை வெறும் நீதியுணர்வாக நான் சொல்லவில்லை. வரலாற்றுச் சான்று இருக்கிறது. அதில் மிகத் தெளிவானது ஜப்பானின் நகானோ மாகாணத்தின் வரலாறு.

நகானோ கடலில்லாத மலைநாடு. கடுங்குளிர் நிலவும் பகுதி. பனிக்காலத்தில் காய்கறி கிடைக்காது என்பதால் உப்பிலிட்ட கீரையும், மிசோ என்னும் உப்புச் சோயா விழுதும்தான் மாதக்கணக்கில் சாப்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பக்கவாதத்தால் சாவோர் மிகுந்த மாகாணங்களில் அதுவும் ஒன்று. 1945இல் அங்கே சாகு என்னும் ஊரின் சிறிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார் வகாட்சுகி தோஷிகாசு என்ற அறுவை மருத்துவர். நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது, மருத்துவமனை ஊருக்குள் போகவேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவர்களும் செவிலியர்களும் கிராமங்களுக்குப் போனார்கள். நோய்களைப் பற்றி மேடை நாடகம்கூடப் போட்டார்கள். 1959இல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் ஊரார் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்து, ஆளுக்கொரு உடல்நலக் குறிப்பேடு கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். வகாட்சுகிக்கு 1976இல் மகசேசே விருது கிடைத்தது. மாகாணத்தின் இன்னொரு மூலையில், 1945இலேயே, ஊர்ப் பெண்கள் முறைவைத்துக்கொண்டு செவிலியருக்கு உதவும் உடல்நலத் தொண்டர் அமைப்பு ஒன்று முளைத்து, பின்னர் மாகாணம் முழுவதும் பரவியது. 1980களின் தொடக்கத்தில் உப்பைக் குறைக்கும் இயக்கம் நடந்தபோது, வீடு வீடாகப் போய் மிசோ சூப்பின் உப்பை அளந்து சொன்னவர்கள் இத்தகைய தொண்டர்களே. கற்பதற்கும் கூடிப் பேசுவதற்குமான ஊர் மன்றங்கள் ஜப்பானிலேயே அதிகம் உள்ள மாகாணம் நகானோ. வேலை செய்யும் முதியோரின் விகிதத்திலும் அதுதான் நாட்டில் முதலிடத்தில் இருந்துவந்தது. அந்த வேலையில் பெரும்பங்கு தத்தம் வயலிலும் தோட்டத்திலும் செய்யும் வேலை. 1990 கணக்கில் நகானோ ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஜப்பானில் முதலிடத்துக்கு வந்தது. 2010இல் ஆண்களுக்கு 80.88, பெண்களுக்கு 87.18 என்று இரண்டிலும் முதலிடம்.

இப்போது காட்டுக்கு வருவோம். காட்டில் மெதுவாக நடந்து, மூச்சிழுத்து, உட்கார்ந்திருப்பதை ஒரு நலப்பழக்கமாக ஜப்பானிய வனத்துறை அறிவித்தது 1982இல். வனக்குளியல் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது அதுதான். அதன் முதல் நிகழ்ச்சி நடந்த இடம் நகானோ மாகாணத்தின் அகெமட்சு என்ற சிற்றூரை ஒட்டிய அகசாவா காடு. முந்நூறு ஆண்டு வயதான ஹினோகி மரங்கள் நிற்கும் காடு. அகெமட்சுவின் மக்கள்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. காடுகளை அளந்து ஆராய்ந்து 'காட்டு மருத்துவத் தளம்' என்று சான்றளிக்கும் ஏற்பாடு 2006இல்தான் தொடங்கியது. அகசாவாவும், வடக்கே ஷினானோ என்ற சிற்றூரும் அந்தச் சான்று பெற்ற தொடக்கக் கால இடங்கள். ஷினானோவில் ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். வருவோர் ஊர்க்காரர்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்குகிறார்கள். நகர நிறுவனங்கள் தம் ஊழியர்களை அனுப்புவதற்கு ஊராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எவரும் வியக்கத்தக்க ஏற்பாடு. ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள்: தொண்டர் அமைப்பு 1945, ஊர் முழுவதற்கும் பரிசோதனை 1959, உப்புக் குறைப்பு 1980களின் தொடக்கம், ஆயுளில் முதலிடம் 1990, காட்டுச் சான்றிதழ் 2006. ஊர் மக்களின் நலம் முதலில் வந்தது, நலச் சுற்றுலா பிறகு வந்தது. அகசாவா காடு பனிக்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நகானோக் கிழவர்களை நெடுநாள் வாழவைத்தது அந்தக் காடாக இருக்க முடியாது. அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்கறிப் பாத்தியும், ஊர் மன்றத்துக்கு நடந்து போகும் வழியும், கதவைத் தட்டி உப்பளந்த அண்டை வீட்டுப் பெண்ணும்தான் அதில் பெரும் பங்கு வகித்தவை. காட்டு விடுதியை மட்டும் பார்த்துவிட்டு வந்து நம் மலையில் அதேபோல் ஒன்று கட்ட நினைப்பது, ஒரு வீட்டின் கூரையை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து அந்தரத்தில் நிறுத்தப் பார்ப்பதாகும்.

பசுமை வெளிக்கும் முதியோர் நலத்துக்கும் உறவு உண்டு என்பதே நிறுவப்பட்டதுதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான ஐயம். இத்துறையின் சான்றுகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. வனக்குளியலால் நோயெதிர்ப்பு அணுக்களின் செயல் கூடுகிறது என்று காட்டிய ஜப்பானிய ஆய்வுகள் பலவும் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து, சில நாட்கள் மட்டுமே நடந்தவை. மரங்கள் வெளியிடும் நறுமணப் பொருள்களே மருந்து என்று விடுதி விளம்பரங்கள் சொல்வதற்கு அந்த ஆய்வுகள் இடம் கொடுக்கவில்லை. 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமிக்க வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அழகான ஆய்வு, ஆனால் சிறியது. முதுமைக்கு நேரடியாகப் பொருந்துவது 2002இல் தகானோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட டோக்கியோ ஆய்வு. 1903 முதல் 1918 வரையிலான குறிப்பிட்ட நான்கு ஆண்டுகளில் பிறந்த 3,144 முதியவர்களை அவர்கள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டருகே நடப்பதற்கேற்ற பசுமைத் தெருவும் பூங்காவும் இருந்தவர்களில் உயிரோடிருந்தவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. வயது, பால், திருமண நிலை, உடலின் இயங்குதிறன், வாழ்க்கைச் செலவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இதற்கும் மறுப்பு உண்டு: நடக்க விருப்பமுள்ளவர்கள் நல்ல தெருவாகப் பார்த்துக் குடிபோயிருக்கலாம், நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லாதிருக்கலாம். அந்த ஐயத்தை முற்றாகத் தீர்க்க எந்த ஒற்றை ஆய்வாலும் முடியாது. ஆனால் ஒரு பொதுத் திட்டத்துக்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பது, அந்தத் திட்டம் தவறாகப் போனால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது. நிழலும் சமதளமான நடைவழியும் உட்கார இடமும் உள்ள ஒரு திடலை ஊர் உண்டாக்கி, அதனால் ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஊர் இழந்தது எதுவுமில்லை. அதே ஊர் தன் புறம்போக்கை விடுதிக்குக் குத்தகைக்கு விட்டு, நலச் சுற்றுலா எதிர்பார்த்தபடி வராமல் போனால் இழப்பு பெரிது. அதோடு, டோக்கியோ ஆய்வில் கண்ணில் படவேண்டிய சொல் பசுமை மட்டுமன்று. நடந்து எட்டக்கூடிய பசுமை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் நலமான முதுமைக்குத் தந்த விளக்கம் நோயில்லாத நிலை என்பதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. தாம் மதிக்கும் காரியங்களைச் செய்துகொள்ளும் இயங்குதிறன் எஞ்சியிருப்பதே அதன் அளவுகோல். கடைக்குப் போவது, கோயிலுக்குப் போவது, சம்பந்தி வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு வருவது ஆகியவைதான் ஒரு சிற்றூர் முதியவரின் இயங்குதிறன். அதற்கு வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள அரை ஏக்கர் நிழல், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காப்புக்காட்டைவிடப் பெரிது.

நம் ஊர்கள் ஏற்கெனவே பச்சைப்பசேல் என்றுதானே இருக்கின்றன, நகரத்துக்குத்தானே பூங்கா வேண்டும் என்பது நம்மிடையே மிகப் பரவலாகக் கேட்கும் மறுப்பு. வயல் பச்சைதான். ஆனால் வரப்பில் எழுபது வயதுக்காரர் ஊன்றுகோலோடு நடக்க முடியாது. கண்மாய்க் கரைகள் பலவற்றைச் சீமைக் கருவேலம் அடைத்துவிட்டது. ஊருக்குள் போடப்பட்ட சிமெண்ட் சாலைகளில் ஓரம் என்ற ஒன்றே இல்லை; மாநில நெடுஞ்சாலை ஊரைப் பிளந்துகொண்டு போகும் இடங்களில் சாலையைக் கடப்பதே முதியோருக்குப் பெரிய சோதனை. எங்கள் ஊர்க் கிழவர்கள் இன்னமும் காட்டுவேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு நடைப்பயிற்சி என்று கேட்பவர்களும் உண்டு. உழைப்பு முதுமைக்கு நல்லது என்பதை நகானோவே காட்டுகிறது. தன் தோட்டத்தில் தன் நேரத்துக்கு, தன் உடம்பு தாங்கும் அளவு செய்யும் வேலை அது. கூலி இல்லாவிட்டால் அடுப்பெரியாது என்பதற்காக உச்சிவெயிலில் மண் வெட்டுவதை அதோடு ஒப்பிடுவது நேர்மையாகாது.

இந்த மறுப்பில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்களில் நிழல் இருக்கிறது, அது எல்லாருக்குமானதாக இல்லை. மந்தையின் ஆலமரத்தடியிலும் டீக்கடைப் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர். ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்துகிடக்கும் இடங்களில் பொது நிழல் ஊர்ப்பக்கமே இருக்கிறது. முதியோரில் பெண்களே அதிகம், அவர்களில் கணவனை இழந்தவர்கள் மிக அதிகம். அவர்கள் வெளியே வந்து சும்மா உட்கார்ந்திருக்க நம் ஊரமைப்பு இடமே தருவதில்லை. கோயில் வாசலும் ரேஷன் கடை வரிசையும்தான் அவர்கள் கூடும் இடங்கள். ஆகவே சிற்றூருக்குப் பசுமை வெளி தேவையில்லை என்று சொல்பவர்கள், யாருடைய சிற்றூரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். ஊராட்சிப் பணத்தில் உருவாகும் புதிய பொதுவிடம், பழைய மந்தையின் விதிகளைச் சுமக்காமல் பிறப்பதற்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. காலனிக்கும் ஊருக்கும் இடைப்பட்ட நிலத்தில் அதை அமைப்பதா, எந்த வாசல் எந்தத் தெருவைப் பார்த்து இருக்கவேண்டும் என்பவை தோட்டக்கலை சார்ந்த கேள்விகளாகத் தோன்றலாம். அவை சமூக நீதி சார்ந்தவை.

குளிர்நாட்டு ஆய்வுகளை நம் நாட்டுக்குப் பொருத்தும்போது ஒன்றைக் கூடுதலாகக் கணக்கில் கொள்ளவேண்டும். நமக்குப் பசுமையின் முதற்பயன் நிழல். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அதன் விளைவாகவே 2013இல் அந்நகரம் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. முதிய உடலுக்கு வியர்க்கும் திறனும் தாகத்தை உணரும் திறனும் குறைந்துபோகின்றன. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் நீரிழப்பை மேலும் கூட்டும். தகரக் கொட்டகையிலும் தாழ்ந்த சிமெண்ட் கூரையின் கீழும் சித்திரை வைகாசிப் பகலைக் கழிக்கும் ஒரு கிழவிக்கு, புங்கமும் வேம்பும் நிற்கும் ஒரு திடலும் அங்கே ஒரு குடிநீர்க் குழாயும் உயிர் காப்பவை. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, மாநிலத்தின் காடு, மரப் பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. எத்தனை மரம் என்ற கணக்கோடு, எந்த முதியவரின் வாசலிலிருந்து எத்தனை அடி தூரத்தில் மரம் என்ற கணக்கும் அதில் சேரவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இனி பணத்துக்கு வருகிறேன், ஏனெனில் மிக வலுவான மறுப்பு அங்கேதான் இருக்கிறது. ஊராட்சியிடம் பணம் இல்லை. விருந்தினர் வந்தால்தான் பணம் வரும். பணம் வந்தால்தான் பூங்கா. ஆகவே சுற்றுலாதானே முதலில் வரவேண்டும் என்கிறார்கள். ஜெர்மனியின் நலநீராட்டு ஊர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. பவேரியாவில் வோரிஸ்ஹோஃபன் என்ற சாதாரண விவசாயக் கிராமத்துக்கு 1855இல் வந்த செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார், குளிர்ந்த நீரில் நடத்தல், மூலிகை, எளிய உணவு, ஒழுங்கான வாழ்க்கை என்று ஒரு முறையை அங்கே வளர்த்தார். 1886இல் அவர் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் ஆட்களை அந்தக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. 1920இல் ஊரின் பெயருக்கு முன்னால் நலநீராட்டு ஊர் என்னும் பட்டம் சேர்ந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 16,000 பேர் வாழ்கிறார்கள். இத்தகைய ஊர்களில் இரவு தங்கும் ஒவ்வொரு விருந்தினரிடமும் நாள் கணக்கில் ஒரு சிறு கட்டணம் வாங்குகிறார்கள். சட்டப்படி அந்தப் பணம் ஊரின் பூங்காவுக்கும் நடைவழிக்கும் நீர்த்தொட்டிக்கும் பொது நிகழ்ச்சிகளுக்கும்தான் செலவாக வேண்டும். அந்தப் பூங்காவில் காலையும் மாலையும் நடப்பவர்களில் கட்டணம் செலுத்தாத ஊர் முதியோரும் அடக்கம். முழங்காலளவு நீரில் கொக்குபோல் காலைத் தூக்கி வைத்து நடக்கும் நைப் தொட்டிகள், விருந்தினரே வராத சிறு கிராமங்களிலும் இன்று இருக்கின்றன. வாங்கும் கட்டணம் எங்கே போகவேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவைத்தால் விருந்தினர் பணம் ஊராருக்குப் பயன்படும் என்பதற்கு இது சான்று.

அதே ஜெர்மனி மறுபக்கத்தையும் காட்டுகிறது. அந்த ஊர்களுக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினரை அனுப்பியவை மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள். 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தால் காப்பீட்டுச் செலவில் அங்கே தங்கும் நலவாசத்தின் காலம் நான்கு வாரத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டு, நோயாளி தன் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கும் கூட்டப்பட்டபோது, விருந்தினரை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் தள்ளாடிப்போயின. நலச் சுற்றுலாத் தொழிலின் உலக அமைப்பே வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019இல் ஏறத்தாழ 72,000 கோடி டாலராக இருந்த அச்சுற்றுலாவின் அளவு 2020இல் 44,000 கோடிக்கு வீழ்ந்தது. பெருந்தொற்றின் அந்த ஓராண்டில்தான் முதியோருக்கு வீட்டருகே திறந்தவெளி மிகவும் தேவைப்பட்டது. விருந்தினர் பணத்தில் மட்டும் பராமரிக்கப்படும் பூங்கா, தேவை உச்சத்தில் இருக்கும்போது பூட்டப்பட்டுவிடும். எனவே அடிப்படைச் செலவு ஊராட்சியின் நிலையான நிதியிலிருந்து வரவேண்டும், மேலதிகம் விருந்தினரிடமிருந்து வரலாம். அந்த மேலதிகமும் ஊருக்குள் தங்குவதற்கு வழி இருக்கிறது. கேரளத்தின் குமரகத்தில் 2008 முதல் நடந்துவரும் பொறுப்புச் சுற்றுலா ஏற்பாட்டில், விடுதிகள் தம் காய்கறியையும் பிற பொருள்களையும் உள்ளூர்க் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களிடமிருந்து வாங்கத் தொடங்கின. வீட்டுக் கொல்லையில் பாத்தி போடும் அறுபது வயதுப் பெண்ணுக்கு அது வருமானம், உடலுழைப்பு, சந்தைக்குப் போய்வரும் உறவு மூன்றையும் ஒருசேரத் தருகிறது.

நம் மலையூர்களும் அருவியூர்களும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதன் விளைவை அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. குற்றாலம் ஒரு பேரூராட்சி. தென்மேற்குப் பருவக்காற்றோடு சாரல் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் அங்கே திரளும் கூட்டத்தை நாம் அறிவோம். எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது நம் மக்களின் பழைய நலச் சுற்றுலா. அதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சீசன் நாட்களில் அருவிக்குப் போகும் சாலையில் உள்ளூர் முதியவர் ஒருவர் கோலூன்றி நடந்துவிட முடியுமா என்பதை அந்தச் சாலையைப் பார்த்த எவரும் சொல்லிவிடுவார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால்தான். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைக்கப்பட்டது. தன் ஊரின் தாங்குதிறன் எவ்வளவு என்பதை ஓர் ஊர் தானே முடிவு செய்யாமல் போனால், நீதிமன்றம் முடிவு செய்யவேண்டிய நிலை வருகிறது. வணிகர்கள் இந்த வரம்பை எதிர்ப்பதில் உள்ள கவலை உண்மையானது. ஆனால் நான்கு மணி நேரம் சாலையில் நின்று, இரண்டு மணி நேரம் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆயிரம் பேரைவிட, பத்து நாள் தங்கி, ஊர்க்கடையில் வாங்கி, காலையில் ஊராரோடு நடக்கும் நூறு பேர் ஊருக்கு உதவுவார்கள். அப்படித் தங்கக்கூடியவர்கள் யார்? பெரும்பாலும் ஓய்வு பெற்ற முதியவர்களே. அவர்களுக்குத் தேவைப்படுவதும் ஊர் முதியோருக்குத் தேவைப்படுவதும் ஒன்றேதான்: வழுக்காத தரை, கைப்பிடி, இருநூறு அடிக்கு ஓர் இருக்கை, சுத்தமான கழிப்பறை, அருகில் இயங்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஊராருக்கு முதலிடம் கொடுத்தால் விருந்தினருக்குக் குறை வரும் என்ற அச்சம் இங்கே பொருளற்றுப் போகிறது.

பசுமையாக்கினால் நிலவிலை ஏறும், ஏறினால் ஊர்க்காரர்களே வெளியேற நேரும் என்று சொல்பவர்களின் எச்சரிக்கையை நான் மறுக்கப்போவதில்லை. மலையூர்களில் அது கண்ணெதிரே நடக்கிறது. அதற்குத் தடுப்பு, பசுமை வெளி பொதுநிலத்தில் இருப்பதும் பொதுநிலமாகவே நீடிப்பதும்தான். ஊருணி, கண்மாய்க் கரை, நந்தவனம், ஐயனார் கோயில் காடு, மேய்ச்சல் புறம்போக்கு, களம் என்று நம் ஊர்களில் பொதுநிலத்துக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது. ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. நலச் சுற்றுலாவின் பெயரால் பொதுநிலத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது, அந்தத் தீர்ப்பின் உயிர்ப்பொருளுக்கு எதிரானது. மதுரையை அடுத்த அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலத்தை ஊர்மக்கள் எதிர்த்துப் போராடி, 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார்கள். குன்றும் சுனையும் கண்மாயும் தங்களுடையவை என்று ஊரார் உணர்ந்திருந்ததால்தான் அது நடந்தது. அந்த உணர்வு அன்றாடப் புழக்கத்தால் வருவது. விடுதி வேலிக்கு அப்பாலுள்ள பசுமைக்காக எந்த ஊரும் போராடாது.

நகானோவில் தொண்டர்கள் செய்ததற்கு ஒப்பான ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஊர்ப் பெண்களே வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். எந்த வீட்டு முதியவர் வாசலைத் தாண்டி மூன்று மாதமாகிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று நம் சாப்பாட்டில் ஏறியிருக்கும் உப்பைப் பற்றிப் பேசவும் அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. 2023 நவம்பரில் மாவட்டங்கள்தோறும் தொடங்கிய எட்டுக் கிலோமீட்டர் நலநடைப் பாதை டோக்கியோவின் நடைபாதையை முன்மாதிரியாகக் கொண்டது. நல்ல தொடக்கம்; ஆனால் எட்டுக் கிலோமீட்டர் நடக்க முடிந்தவருக்கு அரசின் உதவி மிகக் குறைவாகவே தேவை. எண்ணூறு மீட்டரை இரண்டு இடத்தில் உட்கார்ந்து கடக்கும் வழி, ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒவ்வொரு பேரூராட்சியிலும் வேண்டும்.

இந்த நடைவழியையும் நிழல் திடலையும் எங்கே அமைப்பது என்பதை ஒப்பந்தக்காரரோ பொறியாளரோ தனியாக முடிவு செய்யக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத் தொண்டர்கள் தம் வீடுவாரியான குறிப்புகளிலிருந்து, வெளியே வர இயலாத முதியோர் எந்தத் தெருக்களில் அதிகம் என்ற படத்தை, யாருடைய பெயரும் நோயும் வெளித்தெரியாதபடி வரைந்து கொடுக்கலாம். அந்தத் தெருக்களிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் எந்தப் புறம்போக்கு இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் சொல்லலாம். விருந்தினர் வரும் ஊராக இருந்தால், இரவுத் தங்கல் கட்டணம் எவ்வளவு, அது எந்தக் கணக்கில் சேரும், எதற்கு மட்டும் செலவாகும் என்ற தீர்மானமும் இடத்தை முடிவு செய்யும் கிராம சபைக் கூட்டத்திலேயே வரவேண்டும். விடுதி உரிமம் அதற்குப் பிறகுதான் பேசப்படவேண்டும். அக்டோபர் முதல் தேதி உலக முதியோர் நாள். மறுநாள் காந்தி பிறந்த நாளில் தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடுகிறது. முதல் நாள் ஊர் முதியோரைக் காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும் அழைத்து அந்தப் படத்தைக் காட்டி அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் சபையில் அதைத் தீர்மானமாக வைப்பதற்கு இப்போதுள்ள சட்டமே போதும். ஊராட்சித் தலைவர்களுக்கு இதில் உதவ, நாம் கூடியிருக்கும் இந்தக் கல்லூரியின் புவியியல் துறையும் சமூகப்பணித் துறையும் அருகிலுள்ள பத்து ஊர்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற வேண்டுகோளோடு என் உரையை நிறைவு செய்கிறேன்.